ஒன்பதாவது முளை

மூன்றடிக்கு ஒரு முளை என்று ரூத் சொன்னதும் சடையப்பன் மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டிலிருந்து போர்டிகோ வரை முப்பத்து மூன்றடி. மட்டம் பார்க்க ஆறடிக்கு ஒரு மரமுளை அடித்தால் போதும். அவர் இருபது வருஷமாக அப்படித்தான் அடிக்கிறார். "இன்னா பாப்பா, கான்கிரீட் போடுறோமா, கத்திரிச்செடி நடுறோமா?" என்று கேட்டார். மண்வெட்டியோடு நின்றவர்கள் சிரித்தார்கள். ரூத்தும் கூடச் சிரித்து வைத்தாள். ஆனால் டேப்பை விட்டுவிடவில்லை. மூன்றடி மூன்றடியாகப் பன்னிரண்டு முளைகள். கேட்டருகே ஒன்று, போர்டிகோ ஓரம் பன்னிரண்டு என்று சுண்ணாம்பால் எண் போட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

படூரில், ஓ.எம்.ஆரிலிருந்து இரண்டு தெரு உள்ளே அந்த வீடு. சொந்தக்காரர் ரஞ்சித்குமார். வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் தலைமுறையில் டிராக்டரை விட்டு வேனுக்கு மாறியவர்கள். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் இரண்டு வேன்களை ஒவ்வொரு மழைக்கும் சேற்றிலிருந்து தள்ளித் தள்ளி அலுத்துப்போய், வாசலில் கான்கிரீட் பாதை போடும் வேலையை ஆல்வினிடம் கொடுத்திருந்தார். ஆல்வின் சின்ன காண்டிராக்டர். ஒரே நேரத்தில் ஐந்து இடத்தில் வேலை எடுத்து, ஐந்தையும் போனிலேயே பார்ப்பவர். படூருக்கு ரூத்தை அனுப்பியிருந்தார்.

ரூத்துக்கு இருபத்தொரு வயது. பகலில் சைட் வேலை, மாலையில் கேளம்பாக்கத்தில் சிவில் டிப்ளமோ வகுப்பு. வகுப்பில் எல்லோரும் சைட் டைரி எழுத வேண்டும். தேதி, வெயிலா மழையா, ஆட்கள் எத்தனை, நடந்த வேலை, மட்டத்தின் அளவு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'காரணம்'. அளவு மாறியிருந்தால் ஏன் மாறியது என்று அதில் எழுத வேண்டும். மற்றவர்கள் சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதுவார்கள். ரூத் அன்றன்றைக்கு எழுதுவாள். முதலில் பென்சிலில், நிச்சயமான பிறகு அதன் மேல் பேனாவில். நிச்சயமாவதற்குத்தான் அவளுக்கு நேரம் பிடிக்கும். எதையும் மூன்று முறை அளப்பாள். மூன்றும் ஒன்றாக வந்தாலும், மூன்று முறையும் தானே தப்புச் செய்திருக்கலாமே என்று தோன்றும்.

அப்படித் தோன்றக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் முட்டுக்காட்டில் ஒரு வேலை. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைத் தூணிலும் இன்னொரு முனையைத் தரையிலும் பிடித்து மட்டம் பார்ப்பார்கள். டியூப் லெவல் என்று பெயர். குழாய்க்குள் சின்னக் காற்றுக்குமிழி ஒன்று மாட்டியிருந்ததை அவள் பார்க்கவில்லை. தரை இறங்கிவிட்டது என்று சொல்லி வேலையை நிறுத்தினாள். இரண்டு நாள் ஆட்கள் சும்மா உட்கார்ந்தார்கள். கடைசியில் இறங்கியது தரை இல்லை, குமிழி. ஆல்வின் திட்டவில்லை. "இன்னொரு தடவ இந்த மாதிரி நிறுத்தினா நீ ஆபீஸ்ல உக்காந்து போன் எடு ரூத்து, சைட்டு வேணாம்" என்று மட்டும் சொன்னார். சைட் இல்லாவிட்டால் டைரி இல்லை. டைரி இல்லாவிட்டால் டிப்ளமோ இல்லை.

ஆகவே படூரில் எந்த வேலையும் நிற்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

முதல் இரண்டு நாளில் புல்லும் வேரும் சேர்ந்த மேல்மண்ணை ஒரு அடிக்கு வெட்டி எடுத்தார்கள். பிறகு முளைகள். ஒவ்வொரு முளையும் இறங்க எத்தனை சுத்தியல் அடி வாங்கியது என்பதைக்கூட ரூத் எழுதினாள். ஏழு, எட்டு, ஏழு, ஏழு. ஒன்பதாவது முளை மூன்றே அடியில் இறங்கியது. ஏதாவது பழைய எலிவளையாக இருக்கும் என்றார் மேஸ்திரி.

இனி கிராவலைப் பரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். அடுக்கடுக்காக மூன்று அடுக்கு. முடிவில் கிராவலின் மட்டமும் முளைத்தலையின் மட்டமும் ஒன்றாக நிற்க வேண்டும். இறுக்கும் மிஷினைக் கொண்டுவந்து ஓட்டிய பத்தாவது நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரர், காம்பவுண்டுச் சுவர் விரிசல் விடுகிறது என்று கத்திக்கொண்டு வந்தார். மிஷின் திரும்பிப் போயிற்று. கையால்தான் இடிக்க வேண்டும் என்று ஆனது. அடியில் இரும்புத் தகடு அடித்த கனமான திம்சுக் கட்டை இரண்டு வந்தன. கூடவே எல்லம்மாளும் லோகநாயகியும் வந்தார்கள்.

எல்லம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். எலும்பும் நரம்புமான உடம்பு. லோகநாயகி அவளுடைய தம்பி மனைவி, கொஞ்சம் பருமன், ஓயாத பேச்சு. எதிரெதிரே நின்று கட்டையைத் தூக்கிப் போடுவார்கள். எல்லம்மாள் ஒன்று, லோகநாயகி ஒன்று. பிறகு ஒரு மூச்சு நேரம் விட்டு, மறுபடி இரண்டு. டம் டம். டம் டம். ஏன் நடுவில் நிறுத்துகிறீர்கள் என்று ரூத் கேட்டதற்கு, பழக்கம் என்றாள் லோகநாயகி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனார் இப்படித்தான் தன்னை ஆட்டி வைக்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை பிற்பகல். ரூத் கேட் தூணில் குழாயின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையோடு உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தாள். பெண்கள் ஒன்பதாவது முளைக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

டம் டம்.

டொக்.

ரூத் நிமிர்ந்தாள். அவர்கள் அடுத்த இரண்டைப் போட்டார்கள். டம் டம். மூச்சு விடும் அந்த இடைவெளியில், தரைக்குக் கீழே வெகு ஆழத்திலிருந்து, மரத்தில் இரும்பு பட்டது போல ஒன்று. டொக்.

லோகநாயகி ரேஷன் கடைக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லம்மாள் மட்டும் கட்டையைத் தூக்கியபடி ஒரு கணம் நின்றாள். பிறகு, "இங்க போதும், அந்தாண்ட வா" என்று லோகநாயகியைப் பத்தாவது முளைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

எதிரொலி என்று ரூத் நினைத்துக்கொண்டாள். காம்பவுண்டுச் சுவர் இருக்கிறதே. ஒன்பதாவது முளையில் குழாயைப் பிடித்தபோது, முளைத்தலை நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. குழாயைத் தட்டினாள், குமிழி இல்லை. மறுபடி நாலு. மூன்றாம் முறையும் நாலு. முட்டுக்காட்டிலும் மூன்று முறைதான் பார்த்தாள். பென்சிலில் 4 என்று எழுதினாள். பஸ்ஸில் போகும்போது யோசித்தாள். மற்ற பதினொரு முளைகளும் அசையாதபோது ஒன்று மட்டும் எப்படி இறங்கும்? தன் கைதான் ஆடியிருக்கும். பேனாவை எடுத்து, நாலை அழித்து, 0 என்று எழுதினாள். 'காரணம்' கட்டத்தில் கோடு இழுத்தாள்.

வியாழக்கிழமை ஒன்பது மில்லி. பள்ளம் தெரியாதபடி அந்த இடத்தில் இரண்டு சட்டி கிராவலைக் கூடக் கொட்டச் சொன்னாள். டைரியில் 0. அன்று ஒன்று கவனித்தாள். ஒன்பதாவது முளையை நெருங்கும்போது எல்லம்மாள் தாளத்தை மாற்றினாள். இரண்டு போட்டு மூச்சு விடுவதை விட்டுவிட்டு, நிறுத்தாமல் வரிசையாக இடித்துக்கொண்டே அந்த இடத்தைக் கடந்தாள். கடந்த பிறகு மறுபடி டம் டம்.

வெள்ளிக்கிழமை பதினைந்து மில்லி. கடைசி அடுக்கும் முடிந்துவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு ரெடிமிக்ஸ் லாரி சொல்லியாயிற்று. லாரி பின்பக்கமாகவே உள்ளே வந்து, போர்டிகோ ஓரத்திலிருந்து கலவையைக் கொட்டிக்கொண்டே வெளியேறும். நிறைந்த லாரி இருபத்தைந்து டன்னுக்கு மேல் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

மேஸ்திரி டீக்குப் போயிருந்தார். லோகநாயகி தெருக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ரூத் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திம்சுக் கட்டையை இழுத்துக்கொண்டு ஒன்பதாவது முளைக்குப் போனாள். கையால் சோதிக்காமல் அவளுக்கு எதுவும் மனதில் நிற்காது.

ஒரு முறை போட்டாள். காத்திருந்தாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு முறை, தனியாக. ஒன்றுமில்லை. விடாமல் நாலு போட்டாள். ஒன்றுமில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பிறகு, அவர்கள் போடுவதைப் போலவே இரண்டு போட்டு நிறுத்தினாள்.

டொக்.

எதிரொலிக்கு எண்ணத் தெரியுமா? மறுபடி இரண்டு. மறுபடி ஒன்று. கட்டையைப் பிடித்திருந்த உள்ளங்கையிலும் அது தெரிந்தது. மூன்று போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஓங்கினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதுக்குத் தூக்கிய கட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள்.

எல்லம்மாள். கைகளில் சேறு.

"மூணு தட்டாத பாப்பா. தட்டினா வந்துரும். வந்தா கூட இருந்து ஏத்தி வுடணும். இப்ப நமக்கு நேரம் இல்ல."

கீழே டொக் என்றது. இரண்டுக்கு உண்டான பதில்.

இருவரும் போர்டிகோ படியில் உட்கார்ந்தார்கள். எல்லம்மாள் பிறந்த வீட்டில் கிணறு தூர் வாருவதுதான் தொழில். கோடையில் ஊர் ஊராகப் போவார்கள். அப்பாவும் அண்ணன்மாரும் உள்ளே இறங்குவார்கள்; பெண்கள் மேலே நின்று சேற்றுக்கூடை இழுப்பார்கள். உள்ளே நச்சுக்காற்று இருக்கும். ஆள் மயங்கினால் மேலே தெரியாது. கூப்பிட்டால் கிணற்றுக்குள் குரல் குழம்பிவிடும். இறங்கியவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது. ஆகவே மேலேயிருந்து கைப்பிடிச் சுவரைக் கல்லால் இரண்டு தட்டுவார்கள். இருக்கியா என்று கேள்வி. உள்ளேயிருந்து கடப்பாரையால், கூடை கட்டித் தொங்கும் மரக்கட்டையில் ஒன்று தட்டினால், இருக்கேன். சாயங்காலம் மேலேயிருந்து மூன்று தட்டினால், போதும், ஏறி வா.

"அந்தப் பழக்கம்தான் எனக்கு. எதை இடிச்சாலும் கை ரெண்டு ரெண்டாத்தான் போவும்" என்றாள் எல்லம்மாள். "ஊரெல்லாம் இடிச்சேன், எந்தத் தரையும் வாயத் திறக்கல. இங்க கேட்டுப்புட்டேன், பதில் சொல்லிக்கினு கீது."

அங்கே கிணறு இருக்கிறதா என்று ரூத் கேட்டாள். இல்லாமலா என்றாள். உள்ளே யார் என்று கேட்டாள். எல்லம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருந்தாள் போலிருக்கிறது. "எங்க ஆளுங்கள்ல யாரும் குறையல. எல்லாரும் மேலதான் செத்தாங்க. யாருன்னு கேக்கவும் கூடாது. மேல வர வரைக்கும் அது வேலையாளு, அவ்ளோதான்."

ரூத் ஆல்வினுக்குப் போன் செய்தாள். சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஒன்பதாவது முளை இறங்குகிறது என்று மட்டும் சொன்னாள். டியூபில் குமிழி பார்த்தாயா என்று கேட்டார். மூன்று முறை பார்த்ததாகச் சொன்னாள். "முட்டுக்காட்லயும் மூணு தடவ பாத்தேன்னுதான் சொன்ன" என்றார் ஆல்வின். குரலில் கோபம் இல்லை. முந்தின நாள் என்ன அளவு, அதற்கு முந்தின நாள் என்ன அளவு என்று கேட்டார். டைரியில் இருந்ததைத்தான் படிக்க முடிந்தது. பூஜ்யம், பூஜ்யம். "அப்புறம் இன்னா? லாரி காலையில வரும்" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை வகுப்பில் நடத்தியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் டைரியைச் சாய்த்துப் பிடித்தபோது, பேனாவால் போட்ட பூஜ்யங்களுக்குக் கீழே, அழித்த பென்சில் அழுந்தியிருந்த தடம் தெரிந்தது. 4. 9. அவள் கை அளந்தது அது. பிறகு அவள் பயம் எழுதியது பூஜ்யம். அடியிலிருந்து ஏதோ பதில் சொல்கிறது என்பதை விட, இரண்டு நாளாகத் தரை ஒழுங்காகச் சொன்னதைத் தான் அழித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளை அதிகமாகக் கலக்கியது. அந்த லாரிக்கு டிரைவர் ஒருவர் இருப்பார். கலவைக்குப் பக்கத்தில் எல்லம்மாளும் லோகநாயகியும் நிற்பார்கள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு லாரி வந்துவிட்டது. பின்புறத் தொட்டி சுழன்றுகொண்டே, பீப் பீப் என்று கேட்டுக்குள் வாலை நுழைத்தது. ரஞ்சித்குமார் பல் துலக்கிவிட்டு, தோளில் துண்டோடு போர்டிகோவில் நின்று பார்த்தார். மேஸ்திரி கையசைத்து வழி சொல்லிக்கொண்டிருந்தார். லாரி மூன்றாவது முளையைத் தாண்டியது. நாலாவது. ரூத் ஓடிப்போய், ஒன்பதாவது முளைக்கு முன்னால் லாரிக்கு எதிரே நின்றுகொண்டாள்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். லாரி நின்றது. ரஞ்சித்குமார் இறங்கி வந்தார். ஆல்வினுக்குப் போன் போயிற்று. மேஸ்திரி அதை ஸ்பீக்கரில் போட்டார். ரூத் டைரியைத் திறந்து காட்டினாள். ஒன்பதாவது முளை மூன்று நாளில் பதினைந்து மில்லி இறங்கியிருக்கிறது என்றும், டைரியில் தான் தப்பாக எழுதிவிட்டதாகவும் சொன்னாள்.

"யாரு தப்பு? மண்ணா, நீயா?" என்றார் ரஞ்சித்குமார்.

"நான்தான் சார். மண்ணு சரியாத்தான் சொல்லிச்சு."

பத்து நிமிஷம் கடப்பாரை போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லாவிட்டால் இப்போதே கிளம்பி ஆபீஸ் போய்விடுகிறேன் என்றாள் ரூத். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கலவை இறுகிவிடும் என்று டிரைவர் முணுமுணுத்தார். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். எல்லம்மாள் யாரையும் கேட்காமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கிராவலைத் தாண்டி ஒன்றரை அடி இறங்கியதும் கடப்பாரை கல்லில் மோதியது. மண்ணைத் தள்ளினார்கள். அகலமான கருங்கல் பலகை. நடுவில் குறுக்கே விரிசல். விரிசலைச் சுற்றி மண் புனல் போலச் சரிந்திருந்தது. எல்லம்மாள் கடப்பாரையின் நுனியை விரிசலில் கொடுத்து லேசாகத்தான் நெம்பினாள். பாதிப் பலகை சத்தமில்லாமல் கீழே போயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள். தண்ணீரில் விழுந்த சத்தம், மறந்துபோன பிறகு வந்ததைப் போல வந்தது.

டிரைவர் வண்டியில் ஏறி, வந்த தடத்திலேயே வெளியே ஓட்டினார். ரஞ்சித்குமார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷமாக மனைவி கோலம் போடும் இடத்துக்கும் இதற்கும் எத்தனை அடி என்று மேஸ்திரியிடம் கேட்டார். ஸ்பீக்கரில் ஆல்வின், லாரியைத் திருப்போரூர் சைட்டுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு, "ரூத்து, நீ அங்கயே இரு" என்றார்.

மதியத்துக்குள் மற்றக் கற்களையும் அகற்றினார்கள். நாலடி விட்டமுள்ள ஒடுக்கமான கிணறு. எட்டாவது முளையும் பத்தாவது முளையும் விளிம்பில் தப்பியிருந்தன. மனை போட்டவர்கள் கைப்பிடிச் சுவரை இடித்து, கல் பரப்பி, மேலே மண் கொட்டி விற்றிருக்கிறார்கள். ரூத் படுத்து, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். கயிறு, வாளி, அறுந்த பைப்பு, ஆடும் கல், எதுவாவது தட்டியிருக்க வேண்டும். எதுவும் இல்லை. கீழே கறுப்புத் தண்ணீர், அவ்வளவுதான். சுவர் முழுக்க ஒட்டடை திரை போலத் தொங்கியது. ஏறி இறங்கச் சுவரில் நீட்டி வைத்த படிக்கற்களில் மட்டும் ஒட்டடை இல்லை. அடிவரைக்கும் துடைத்தாற்போல் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மணல் லாரி வந்து கிணற்றை நிரப்பும் என்று முடிவாயிற்று. ரூத் எஞ்சிய பதினொரு முளைகளையும் அளந்து எழுதினாள். எல்லாம் சரியான மட்டத்தில் நின்றன. இந்த முறை பேனாவிலேயே எழுதினாள்.

ஐந்தரை மணிக்கு மேஸ்திரியும் ஆட்களும் டீக்குப் போனார்கள். எல்லம்மாள் போகவில்லை. "ஏறி வான்னு சொல்லாம மூடக்கூடாது" என்றாள். அவள் அதை வேண்டுதல் மாதிரியோ பயந்தோ சொல்லவில்லை. வேலை முடிந்தால் சட்டி கழுவி வைக்க வேண்டும் என்பதைப் போலச் சொன்னாள். கேட்டைத் திறந்து வைக்கும்படி ரூத்திடம் சொன்னாள். ரூத் இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து, காற்றில் ஆடாமல் கல் வைத்துவிட்டு வந்தாள்.

எல்லம்மாள் ஒரு கருங்கல் துண்டை எடுத்து, கிணற்று விளிம்பில் இரண்டு தட்டினாள். டொக் என்றது. இப்போது மூடி இல்லாததால், பக்கத்து அறையில் தட்டியது போலத் தெளிவாக இருந்தது. லோகநாயகிக்கு இந்த முறை கேட்டுவிட்டது. அவள் பேச்சு அங்கேயே நின்றது.

பிறகு எல்லம்மாள் மூன்று தட்டினாள்.

"திரும்பி நில்லுங்க" என்றாள். "கோவணத்தோட ஏறி வருவாங்க. பொம்பளைங்க பாக்கக்கூடாது. எங்க அண்ணனுங்க வந்தாலும் அப்படித்தான் நிப்போம்."

மூவரும் பதினொன்றாவது முளைக்கருகே, கிணற்றுக்கு முதுகு காட்டி, வீட்டைப் பார்த்து நின்றார்கள். எதிரே போர்டிகோ ஜன்னல். அதன் கண்ணாடியில் பின்னால் இருப்பதெல்லாம் சின்னதாகத் தெரிந்தது: கிணற்று வாய், கிராவல், திறந்த கேட். எதையும் கண்ணால் பார்த்து எழுதியே பழகிய ரூத், பார்வையைத் தன் செருப்புக்கு இறக்கிக்கொண்டாள். எண்ண ஆரம்பித்தாள். நாற்பதில், சின்னக் கற்கள் தண்ணீரில் விழும் சத்தம். தொண்ணூறில் சேற்று வாடை வந்தது. கோடையில் ஏரி வற்றும்போது வரும் வாடை. லோகநாயகியின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. நூற்றிருபதில் கிராவல் நறநறத்தது. அப்புறம் கொஞ்ச நேரம் எண்ணிக்கை தவறிப்போயிற்று.

எல்லம்மாள், "போதும்" என்றாள்.

திரும்பிப் பார்த்தால் எல்லாம் இருந்தபடியே இருந்தது. கேட் திறந்திருந்தது. தெருவில் ஒரு டியூஷன் பிள்ளை சைக்கிளில் போனாள். எல்லம்மாள் விளிம்பில் இரண்டு தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி இரண்டு. கிணறு சும்மா இருந்தது. அவள் கல்லை உள்ளே போட்டுவிட்டு, கை கழுவப் போனாள்.

வெளிச்சம் இன்னும் அரைமணி நேரம் இருக்கும். ரூத் குழாயைத் தூணில் கட்டினாள். குமிழி இருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் பார்த்தாள். பன்னிரண்டு, பதினொன்று, பத்து: மாற்றமில்லை. ஒன்பது இல்லை. எட்டு: மூன்று மில்லி இறங்கியிருந்தது. ஏழு: மூன்று. ஆறு: மூன்று. கேட்டருகே இருந்த முதல் முளை வரைக்கும் எல்லாம் மூன்று. இறங்கிய முளைகளின் தலைகள் ஈரமாக இருந்தன. குழாயிலிருந்து சொட்டியிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அதே குழாயைப் பிடித்த பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் காய்ந்தே இருந்தன. முதலிலிருந்து இரண்டாம் முறை அளந்தாள். பிறகு மூன்றாம் முறை.

மேஸ்திரி பீடியோடு திரும்பி வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். எட்டு முளைகள் இறங்கியிருப்பதாகச் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தது. ஈரத் தரையில், அதுவும் முளை மேலேயே கால் வைத்து நடந்தது யார் என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

"நாங்க மூணு பேரும் அந்தாண்ட திரும்பிகினு நின்னோம் அண்ணாத்த" என்றாள் எல்லம்மாள், முகத்தைத் துடைத்தபடி. "மூணடிக்கு ஒண்ணு அடிச்சா கால் வைக்கத் தோதாத்தான் இருக்கும்."

ரூத் போர்டிகோ படியில் உட்கார்ந்து டைரியைத் திறந்தாள். பென்சிலை எடுத்தாள், வைத்துவிட்டாள். பேனாவில் எட்டு முளைகளுக்கும் எதிரே 3 என்று எழுதினாள். நேரம் எழுதினாள். சரிபார்த்தது மூன்று முறை என்று எழுதினாள். 'காரணம்' கட்டத்துக்கு வந்தபோது, கோடு இழுக்கப் போன கையை நிறுத்தி, கட்டத்தை வெறுமையாக விட்டாள். பிறகு எழுந்து போய், கதவுக்கு வைத்திருந்த கற்களை எடுத்தாள்.

"சாத்தலாமா அக்கா?" என்று கேட்டாள்.

எல்லம்மாள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "சாத்து" என்றாள்.